ஷிப்ட் வேலையில் தனி ஜெபம்

ஜெபத்தைப் பற்றி யார் ஆலோசனை சொன்னாலும் அதிகாலையில்தான் ஆரம்பிக்கிறார்கள். நாலு மணிக்கு எழுந்திரு, முகம் கழுவு, முழங்கால்படியிடு, விடிவதற்குள் வேதம் வாசித்து முடி. நல்ல ஆலோசனைதான், ராத்திரியில் தூங்குகிறவர்களுக்கு. நான் நர்ஸ். ஒரு வாரம் காலை ஷிப்ட், அடுத்தது மதியம், அதற்கடுத்தது இரவு என்று சுற்றிக்கொண்டே இருக்கும். இரவு ஷிப்ட் வாரத்தில் அதிகாலை நாலு மணி என்பது வார்டில் கட்டில் கட்டிலாகப் போய் பிபி பார்த்து, காய்ச்சல் பார்த்து, ரத்தம் எடுத்து, சார்ட்டில் எழுதுகிற நேரம். "அதிகாலையில் என்னைத் தேடுகிறவர்கள் என்னைக் கண்டடைவார்கள்" என்ற நீதிமொழிகள் வசனத்தைச் சபையில் யாராவது அழுத்திச் சொல்லும்போதெல்லாம், அப்போ எங்களைப் போன்றவர்கள் எப்போதுதான் கண்டடைவது என்று எனக்குள் ஒரு கேள்வி ஓடும்.

இதை ஷிப்ட் வேலை பார்க்கிறவர்களுக்காக மட்டும் எழுதவில்லை. கைக்குழந்தை வைத்திருக்கிறவர்கள், படுக்கையில் கிடக்கும் பெற்றோரைப் பார்த்துக்கொள்கிறவர்கள், இரண்டு வேலைக்குப் போகிறவர்கள், இவர்கள் எல்லாருக்கும் சிக்கல் ஒன்றுதான். நாள் நம் கையில் இல்லை. நாள் நம் கையில் இருப்பதாக நினைத்துப் போடுகிற ஜெப அட்டவணை ரொம்ப நாள் ஓடாது.

முதலில் அந்த அதிகாலை விஷயத்தை முடித்துவிடுகிறேன். எல்லாரும் எடுத்துக்காட்டுவது மாற்கு 1:35. இயேசு அதிகாலையில், இருட்டோடே எழுந்து, வனாந்தரமான ஓரிடத்துக்குப் போய் ஜெபம்பண்ணினார். அதற்கு முன்னும் பின்னும் இருக்கிற வசனங்களையும் சேர்த்துப் படித்தால் எனக்கு அது நம்ம ஷிப்ட் மாதிரியே தெரிகிறது. முந்தின சாயங்காலம் ஊரே வியாதியஸ்தரைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றிருக்கிறது. விடிவதற்குள் அவர் தனியாகப் போகிறார். அடுத்த வசனத்திலேயே சீமோனும் கூட இருந்தவர்களும் பின்னாடியே தேடி வந்து, "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்கிறார்கள். அவர் கிளம்பிவிடுகிறார். ஆக, அவருடைய தனி ஜெபத்துக்கும் நடுவில் ஆள் வந்திருக்கிறது. அதே இயேசு மத்தேயு 14-ல் ஜனங்களை அனுப்பிவிட்டுச் சாயங்காலத்தில் மலைமேல் தனியாக இருக்கிறார். லூக்கா 6-ல் ராத்திரி முழுக்க ஜெபம்பண்ணுகிறார். தானியேல் தினம் மூன்று வேளை. சங்கீதம் 55-ல் அந்தி, சந்தி, மத்தியானம். அதிகாலையில் ஜெபிப்பது நல்ல வழக்கம், சந்தேகமே இல்லை. ஆனால் அதைக் கட்டளையாக்கி, முடியாதவர்கள் தலையில் குற்ற உணர்ச்சியை ஏற்றுவதற்கு வேதத்தில் ஆதாரம் இல்லை என்பது என் எண்ணம். போதாததற்கு, சங்கீதம் 127 அதிகாலையில் எழுந்து, ராத்திரி வெகுநேரம் வேலையிலே தரித்திருப்பதை விருதா என்கிறது! "அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்" என்பது அந்த வசனத்தின் முடிவு. இரவு ஷிப்ட் முடிந்து பகலில் திரையை இழுத்துவிட்டுப் படுக்கும்போது இந்த வசனத்தை நான் உரிமையோடு சொல்லிக்கொள்வேன்.

எங்களுக்கென்றே ஒரு சங்கீதமும் இருக்கிறது. 134. மொத்தம் மூன்றே வசனம். இராக்காலங்களில் கர்த்தருடைய ஆலயத்தில் நிற்கிற ஊழியக்காரரைப் பார்த்து, கர்த்தரை ஸ்தோத்திரியுங்கள் என்று சொல்கிறது. ஆலயத்திலும் நைட் டியூட்டி இருந்திருக்கிறது.

சரி, நேரம் நிலையாக இல்லாதவர்கள் எதைப் பிடித்துக்கொள்வது? கடிகாரத்தை விட்டுவிட்டு, எந்த ஷிப்ட்டாக இருந்தாலும் கட்டாயம் நடக்கிற ஒரு காரியத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் பதில். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2009-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு பழக்கங்களைப் பற்றிப் பேசுகிற இடங்களில் அடிக்கடி வரும். 96 பேரிடம் ஆளுக்கொரு சின்னப் பழக்கத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, அதைத் தினமும் நடக்கிற ஏதோ ஒன்றோடு சேர்த்துச் செய்யச் சொன்னார்கள். சாப்பிட்ட பிறகு, இன்ன வேலை முடிந்ததும் என்பது போல. அது யோசிக்காமலே வருகிற அளவுக்குப் பழக, அவர்கள் கணக்கின்படி நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளில் இருந்து 254 நாள் வரை வித்தியாசம். ஜெபத்தை அவர்கள் ஆராயவில்லை, எனக்கும் தெரியும். ஆனாலும் அதில் இரண்டு விஷயம் எனக்கு நிம்மதி தந்தது. ஒன்று, 21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று சொல்வார்களே, அது எல்லாருக்கும் பொருந்தாது. மூன்று வாரத்தில் ஒட்டவில்லை என்றால் உங்கள் பக்தியில் கோளாறு என்று அர்த்தமில்லை. இன்னொன்று, நடுவில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பு எதையும் ஏற்படுத்தவில்லை.

எனக்கான கொக்கியை, அதாவது ஜெபத்தை மாட்டிவைக்க ஒரு அன்றாடக் காரியத்தை, காட்டியது கூட வேலை பார்த்த ஒரு சீனியர் அக்கா. டியூட்டி ரூமில் ஒரு நாள் பேச்சுவாக்கில் கேட்டேன்.

"அக்கா, நீங்க எப்பதான் ஜெபிப்பீங்க?"

"யூனிஃபார்ம் போட்டப்புறம்."

"அது ஏன் அப்ப?"

"போட்டுட்டா படுக்க முடியாதுல்ல. கசங்கிடும்."

அவ்வளவுதான் சொன்னார், சொல்லிவிட்டு மருந்து டிராலியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். நான் அதுவரை கேட்டிருந்த பல பிரசங்கங்களைவிட இது உபயோகமாக இருந்தது.

இப்போது என் வழக்கம் இதுதான். குளித்து, யூனிஃபார்ம் போட்டு, முடியை அள்ளிக் கொண்டை போட்டு, அடையாள அட்டையை மாட்டிய பிறகு, வாசல் பக்கத்தில் இருக்கிற நாற்காலியில் உட்காருவேன். அதன் கீழேதான் என் ஷூ இருக்கும். ஷூ போடுவதற்கு முன்பு ஜெபம், ஜெபத்துக்குப் பின்பு ஷூ. மதிய ஷிப்ட்டானாலும் இரவு ஷிப்ட்டானாலும் இந்த வரிசை மாறாது. போன் அதற்குள் கைப்பைக்குள் போய்விடும். கிளம்ப வேண்டிய நேரத்துக்கு அதில் அலாரம் வைத்திருப்பதால், நேரம் ஆகிவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. இது சின்ன விஷயம்தான், ஆனால் பாதிக் கவனச்சிதறல் இதில் போய்விட்டது. வேதமும் அச்சுப் புத்தகம்தான். போனில் வாசிக்கிறவர்களைக் குறை சொல்லவில்லை. என்னால் போனில் சங்கீதத்தைத் திறந்து சங்கீதத்தோடு நிறுத்த முடியாது, அவ்வளவுதான்.

அங்கே முழங்கால்படியிடுவதில்லை. அதற்காகச் சிலர் முகம் சுளிக்கலாம். முழங்காலில் நிற்பது எனக்குப் பிடிக்கும், விடுமுறை நாளில் செய்வேன். ஆனால் எட்டு மணி நேரம் நிற்கப் போகிற காலுக்கு நாற்காலி கொடுத்தால் கர்த்தர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எவ்வளவு நேரம் என்பதுதான் அடுத்த கேள்வி. என்னிடம் இரண்டு அளவு உண்டு. சாதாரண நாளுக்குப் பத்து, பதினைந்து நிமிடம். பாதித் தூக்கத்தில் எழுந்து ஓடுகிற நாளுக்கு, ஒரு சங்கீதமும் கர்த்தருடைய ஜெபமும் மட்டும். மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகாது. இந்தச் சின்ன அளவை முன்கூட்டியே முடிவு செய்து வைப்பதுதான் முக்கியம். இல்லாவிட்டால் அவசர நாளில் மனசு என்ன சொல்லும் தெரியுமா? இன்றைக்குச் சரியாக ஜெபிக்க நேரமில்லை, சாயங்காலம் நிதானமாகச் செய்துகொள்ளலாம் என்று. கேட்கப் பக்தியாகத்தான் இருக்கும். சாயங்காலம் வராது. சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் 1535-ல் தன் நாவிதர் பீட்டருக்காக, எப்படி ஜெபிப்பது என்று ஒரு சின்னப் புத்தகம் எழுதிக் கொடுத்தார். அதில் முதலிலேயே இதைத்தான் எச்சரிக்கிறார். கொஞ்சம் பொறு, இன்னும் ஒரு மணி நேரத்தில் ஜெபிக்கலாம், முதலில் இதை முடிக்கணும் அதை முடிக்கணும் என்ற நினைப்பு வரும், அதை நம்பாதே என்கிறார். ஏறக்குறைய ஐந்நூறு வருஷம் ஆகியும் சாக்கு மாறவில்லை.

அந்தப் புத்தகத்தில் என் மாதிரி ஆட்களுக்கு இன்னும் நிறைய இருக்கிறது. வேலைக்குப் போகிற ஒரு மனுஷனுக்கு எழுதியதால் இருக்கலாம். நல்ல நாவிதனின் கண்ணும் நினைப்பும் கத்தியிலும் முடியிலும்தான் இருக்க வேண்டும், வாய் பேசிக்கொண்டே கண் வேறெங்கோ போனால் எதிரே உட்கார்ந்திருப்பவரின் வாயையோ மூக்கையோ கழுத்தையோகூட அறுத்துவிடுவான், ஜெபத்துக்கும் அதே கவனம் வேண்டும் என்கிறார். ஊசியில் மருந்தை ஏற்றுகிறவளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஜெபித்துக்கொண்டே வேலைக்காரர்களை ஏவின ஒரு குருவானவரின் கதையும் அதில் வருகிறது. "கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்" என்ற சங்கீத வசனத்துக்கு நடுவே, போய் மாட்டைக் கற என்று வேலைக்காரப் பெண்ணுக்கு ஓர் உத்தரவு. சிரிப்பு வரும், ஆனால் நம் ஜெபத்தை யாராவது ரெக்கார்ட் செய்து போட்டுக் காட்டினால் அப்படித்தான் இருக்கும். பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே, ஐயோ ஏழாம் கட்டிலுக்கு டிரிப் மாற்றச் சொன்னேனா, உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக.

இந்த அலைச்சலுக்கு நான் செய்வது, நாற்காலி பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதமும் பேனாவும் வைத்திருப்பது. நினைவு வந்ததைக் குறித்துவிட்டால் மனசு விட்டுவிடும். குறிக்காமல் விரட்டினால் திரும்பத் திரும்ப வந்து நிற்கும். சில சமயம் அப்படி வந்து நிற்பதே ஜெபிக்க வேண்டிய விஷயமாகவும் இருக்கும். ஒருத்தரோடு போட்ட சண்டை ஐந்து தடவை குறுக்கே வந்தால், அதைத் துரத்திவிட்டு மிஷனரிகளுக்காக ஜெபிப்பதில் அர்த்தமில்லை. முதலில் அதைத்தான் பேசித் தீர்க்கணும்.

எதைச் சொல்லி ஜெபிப்பது என்பதில்தான் பலருக்கு வண்டி நின்றுபோகிறது. நான் வளர்ந்த சபையில் எழுதி வைத்த ஜெபத்துக்கு மதிப்பில்லை. இருதயத்திலிருந்து வரணும், சரளமாக வரணும், கண்ணீரோடு வந்தால் இன்னும் விசேஷம். அப்படி ஜெபிக்கிறவர்களைக் கேட்பதே ஆசீர்வாதம்தான். ஆனால் தொடர்ந்து இரவு ஷிப்ட் பார்த்த உடம்பில் இருந்து சரளமாக எதுவும் வராது. வார்த்தை கிடைக்காததால்தான் நிறைய பேர் ஜெபிப்பதையே நிறுத்துகிறார்கள், விசுவாசம் குறைந்ததால் அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. வார்த்தைகளை நாமே உற்பத்தி செய்யத் தேவையில்லை. 150 சங்கீதம் இருக்கிறது. சீஷர்கள் ஜெபிக்கக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டபோது இயேசு சொல்லிக்கொடுத்த ஜெபமும் இருக்கிறது. ஆதிச் சபையின் ஒழுங்குகளைச் சொல்கிற டிடாக்கே என்ற மிகப் பழைய கிறிஸ்தவ நூல், அந்த ஜெபத்தை நாளுக்கு மூன்று வேளை சொல்லச் சொல்கிறது. வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள் என்று மத்தேயு 6-ல் சொன்ன அதே மூச்சில்தான் இயேசு இந்த ஜெபத்தைக் கொடுத்தார். கொடுக்கப்பட்ட வார்த்தையைச் சொல்வது வேறு, அலப்புவது வேறு.

சங்கீதத்தைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. அன்றைய தேதி, அதோடு 30, 60, 90, 120 கூட்டினால் ஐந்து எண் வரும். 12-ஆம் தேதி என்றால் 12, 42, 72, 102, 132. அந்த ஐந்தில் ஏதாவது ஒன்று. 31-ஆம் தேதி வந்தால் 119-இல் ஒரு எட்டு வசனம். அந்தச் சங்கீதம் 22 பாகமாகப் பிரிந்திருக்கிறது, பாகத்துக்கு எட்டு வசனம், மொத்தம் 176. இன்றைக்கு எதைப் படிக்கலாம் என்று பக்கத்தைப் புரட்டுவதிலேயே போகிற நேரம் மிச்சம். 120 முதல் 134 வரை இருக்கிற ஆரோகண சங்கீதங்கள் பெரும்பாலும் குட்டியாக இருக்கும், அவசர நாளுக்குக் கச்சிதம்.

வாசித்ததை ஜெபமாக மாற்றுவதற்கும் லூத்தரிடம்தான் கற்றுக்கொண்டேன். ஒரு வரியை எடுத்து நாலு விதமாகத் திருப்பிப் பார்க்கச் சொல்கிறார். இது எனக்கு என்ன கற்றுக்கொடுக்கிறது, இதற்காக எதற்கு நன்றி சொல்லலாம், இதில் நான் எங்கே தவறியிருக்கிறேன், இதைப் பிடித்துக்கொண்டு என்ன கேட்கலாம். உதாரணத்துக்கு 121-இல் "இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குகிறதுமில்லை." கற்றுக்கொண்டது: விழித்திருக்கிற வேலை முதலில் அவருடையது. நன்றி: நேற்று இரவு யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அறிக்கை: நான் இல்லாவிட்டால் வார்டே ஓடாது என்ற நினைப்பு. விண்ணப்பம்: இன்றைக்கு மருந்து அளவில் கண் தப்பாமல் இருக்கணும். இரண்டே நிமிடம் ஆகும். நாலும் வர வேண்டும் என்பதில்லை. ஒன்று பிடித்துக்கொண்டால் அங்கேயே நிற்கலாம், லூத்தரே அப்படித்தான் சொல்கிறார்.

அப்புறம், வேலைக்குள் நடக்கிற ஜெபம். நோயாளியைத் தொடுவதற்கு முன்பும் பின்பும் நாங்கள் கை கழுவ வேண்டும். சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 வினாடி, கிருமிநாசினித் திரவம் என்றால் 20 முதல் 30 வினாடி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என்று வரிசை உண்டு. அவசரப்படாமல் கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லி முடிக்க அந்த நேரம் சரியாக இருக்கும். உள்ளங்கையில் சோப்பு நுரைக்கும்போது "பரமண்டலங்களிலிருக்கிற" என்று ஆரம்பித்தால், கட்டைவிரலைத் தேய்க்கிறபோது "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" வந்திருக்கும். தண்ணீரில் அலசும்போது ஆமென். ஒவ்வொரு தடவையும் முழு ஜெபம் சொல்வதில்லை, அது இயந்திரமாகிவிடும். பெரும்பாலும் அடுத்துப் போகிற கட்டிலில் இருப்பவருக்காக ஒரே வரி. ஜெபிக்கும்போது அன்னாளின் உதடுகள் மட்டும் அசைந்தன, சத்தம் கேட்கவில்லை, ஆசாரியன் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டான் என்று 1 சாமுவேல் சொல்கிறது. எனக்கு மாஸ்க் இருக்கிறது, எந்த ஏலிக்கும் தெரியாது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். நடந்துகொண்டே, வேலை பார்த்துக்கொண்டே ஜெபிப்பதற்கு பெர்சிய ராஜாவிடம் வேலை பார்த்த நெகேமியாவைத்தான் எல்லாரும் காட்டுவார்கள். உனக்கு என்ன வேண்டும் என்று ராஜா கேட்கிறான், பதில் சொல்வதற்கு முன் அந்த இடைவெளியில் நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணிவிடுகிறான். உண்மைதான். ஆனால் முதல் அதிகாரத்தில் அவன் கிஸ்லேவு மாதத்தில் அழுது, உபவாசித்து ஜெபிக்க ஆரம்பிக்கிறான். ராஜாவுக்கு முன்னால் நிற்பது நிசான் மாதத்தில். நடுவில் ஏறக்குறைய நாலு மாதம். அந்த நாலு மாதம் இருந்ததால்தான் அந்த ஒரு நொடிக்கு வார்த்தை இருந்தது. நாற்காலி ஜெபம் விட்டுப்போன வாரங்களில் கை கழுவும் இடத்து ஜெபமும் தானாகக் காணாமல் போகிறதை நானே பார்த்திருக்கிறேன்.

"எனக்காக ஜெபிச்சுக்கோங்க சிஸ்டர்" என்று நோயாளிகள் கேட்பார்கள், உறவினர்கள் கேட்பார்கள், சபையில் கேட்பார்கள், போனில் கேட்பார்கள். கண்டிப்பா ஜெபிக்கிறேன் என்று சொல்லிவிட்டு மறந்துவிடுவது நம் எல்லாரிடமும் இருக்கிற வியாதி. இதற்கு ஒரே மருந்து, கேட்ட இடத்திலேயே ஜெபிப்பது. அவர் விரும்பினால் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு வாக்கியம், இல்லாவிட்டால் திரும்பி நடக்கும்போது மனசுக்குள். அதற்கு மேல் தொடர்ந்து தாங்க வேண்டியவர்களுக்கு மட்டும் ஒரு நோட்டு. பக்கத்துக்கு ஐந்தாறு பெயர். ஒரு நாளைக்கு ஒரு பக்கம், அடுத்த தடவை அடுத்த பக்கம். கிழமை வாரியாகப் பிரிக்கவில்லை, ஏனென்றால் ஷிப்ட்டில் கிழமை ஓடிவிடும், சனிக்கிழமைப் பெயர்கள் மாதக்கணக்கில் ஜெபமில்லாமல் கிடக்கும். நோயாளிகளின் பெயரையும் வியாதியையும் நோட்டில் எழுதக் கூடாது என்பது என் கண்டிப்பான விதி. கட்டில் எண் போதும். ஜெபக் கூட்டத்தில் விண்ணப்பம் என்ற பெயரில் அடுத்தவர் ரகசியம் ஊருக்குப் போவதை நிறைய பார்த்தாகிவிட்டது.

வீட்டில் குடும்ப ஜெபம் எனக்கும் என் கணவருக்கும் ஒத்துவருகிற நேரத்தில்தான் நடக்கும், அதாவது வாரத்தில் சில நாள். மற்ற நாட்களில் இரண்டு பேரும் அதே தேதிச் சங்கீதத்தை அவரவர் இடத்தில் வாசிக்கிறோம். எந்த வசனம் பிடித்தது என்று ஒரு வரி மெசேஜ். அவ்வளவுதான். பிள்ளைகளுக்குத் தூங்கும் முன் சங்கீதம் 4-இன் கடைசி வசனம்: "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்." நான் டியூட்டியில் இருந்தால் அப்பா சொல்லிக்கொடுப்பார்.

எல்லா நாளும் இப்படி ஒழுங்காகப் போய்விடாது. ஒரு இரவு ஷிப்ட்டில், மாதக்கணக்காக நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்ட ஒரு குழந்தை இறந்துபோனது. அடுத்த நாள் அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். புத்தகத்தைத் திறக்கத் தோன்றவில்லை. நன்றி என்று ஆரம்பிக்க வாய் வரவில்லை. அந்தக் காலத்தில் என்னைக் கூட்டிக்கொண்டு போனது சங்கீதம் 88. மற்றச் சங்கீதங்கள் எவ்வளவு அழுதாலும் பெரும்பாலும் கடைசியில் ஒரு நம்பிக்கைக்கு வந்துவிடும், இது வராது. சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர் என்று புகாரிலேயே முடிந்துவிடும். ஆனாலும் அது புகார் சொல்வது தேவனிடத்தில், அதுவும் இரவும் பகலும். இப்படி ஒரு ஜெபம் வேதத்துக்குள் இருக்க அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. அதை மட்டும் வாசித்துவிட்டு ஷூவைப் போட்டுக்கொண்டு கிளம்புவேன். ரோமர் 8-இல், நாம் ஏற்றபடி வேண்டிக்கொள்ள வேண்டியது இன்னதென்று அறியாமல் இருப்பதால், ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று பவுல் எழுதுகிறார். பெருமூச்சு மட்டுமே இருந்த நாட்கள் எனக்கும் உண்டு. அந்த நாட்களில் சபையில் யாராவது "ஜெப ஜீவியம் எப்படி இருக்கு?" என்று கேட்டால், என்ன சொல்வதென்று தெரியாமல் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். இப்போது கேட்டால், உட்காருகிறேன், அவ்வளவுதான் என்று சொல்வேன்.

உடம்பு சோர்வையும் ஆவிக்குரிய சோர்வையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதையும் சொல்லணும். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாகக் கேட்டபோது, தேவன் அவனுக்கு முதலில் கொடுத்தது தூக்கமும் சாப்பாடும். இரண்டு தடவை. தூதன் தட்டி எழுப்பி, எழுந்திருந்து போஜனம்பண்ணு என்றான். தேவன் மெல்லிய சத்தத்தில் பேசியதெல்லாம் அதற்குப் பிறகு, ஓரேப் மலைக்குப் போன பின்புதான். இரவு ஷிப்ட் முடிந்து வந்து கண் சொருகும்போது நீண்ட ஜெபத்தை ஆரம்பித்து, பாதியில் தூங்கி, எழுந்ததும் வருத்தப்படுவதைவிட, "பிதாவே, உம்முடைய கைகளில்" என்று சொல்லிவிட்டுப் படுப்பது நல்லது. தூங்கி எழுந்த பிறகு நாற்காலி இருக்கிறது.

விட்டுப்போன நாட்களைப் பற்றி ஒன்றே ஒன்று. விட்ட ஜெபத்துக்கு வட்டி கட்டாதீர்கள். மூன்று நாள் விட்டதற்காக நாலாம் நாள் ஒரு மணி நேரம் என்று முடிவு செய்தால், அந்த ஒரு மணி நேரத்துக்குப் பயந்தே ஐந்தாம் நாளும் போகும். மூன்று நிமிட அளவோடு திரும்பி வாருங்கள். அறிக்கை செய்ய வேண்டியது இருந்தால் ஒரு வாக்கியத்தில் செய்துவிட்டு, அன்றைய தேதிச் சங்கீதத்துக்குப் போய்விடலாம். விட்ட சங்கீதங்கள் அடுத்த மாதம் அதே தேதியில் அங்கேதான் இருக்கும்.

எனக்கு இன்றைக்கும் கஷ்டமான நாள் எதுவென்றால், நம்பினாலும் நம்பாவிட்டாலும், விடுமுறை நாள்தான். நேரம் கொட்டிக் கிடக்கும், யூனிஃபார்ம் இருக்காது. யூனிஃபார்ம் இல்லாததால் நாற்காலி நினைவுக்கு வராது. அப்புறம் பார்க்கலாம் என்று துணி துவைத்து, வீட்டை ஒதுக்கி, பிள்ளைகளோடு உட்கார்ந்து, ராத்திரி ஆகிவிடும். அதனால் விடுமுறைக்குத் தனியாக ஒரு கொக்கி தேவைப்பட்டது. குளித்த தலையைத் துவட்டி முடித்ததும் நேராக நாற்காலிக்குப் போவது என்று வைத்திருக்கிறேன். யூனிஃபார்ம் அளவுக்கு இது இன்னும் பிடிக்கவில்லை, சில வாரம் நடக்கிறது, சில வாரம் நழுவுகிறது. நடக்கிற வாரத்தில் அரை மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் கிடைக்கும். முழங்காலில் நின்று நோட்டு முழுவதையும் முதல் பக்கத்திலிருந்து ஒரே மூச்சில் ஜெபிக்கிறது அப்போதுதான்.